வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் முடி அயன்: திருகோணமலைக் கடைகளில் எதை எடுக்கலாம்?

பிரதான வீதி, மத்திய வீதிப் பக்கம் 'ட்ராவல்' என்று பெட்டியில் போட்ட குட்டி அயன்கள் தாராளமாகக் கிடைக்கும். அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். அயனை வெளியே எடுத்து, வயர் உள்ளே நுழையும் இடத்துக்குக் கிட்டக் கைப்பிடியைப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே பதித்த பொடி எழுத்து. போன் லைட்டைச் சரித்துப் பிடித்தால்தான் வாசிக்கலாம். 100-240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் எங்கும் வேலை செய்யும். 220-240 மட்டும் என்றால் லண்டன், ஐரோப்பா, அவுஸ்திரேலியாவுக்குப் போதும்; கனடாவுக்கும் ஜப்பானுக்கும் சரிவராது.

கனடாவில் 120 வோல்ட், ஜப்பானில் 100. இங்கத்தைய 230 வோல்டுக்கான சாதாரணச் சூட்டுக்கம்பி அயனை 120இல் செருகினால் வலு கால்வாசியளவுக்கு இறங்கிவிடும். 40 வொட் அயன் 11 வொட்டில் கிடக்கும், முடி நிமிராது. அங்கிருந்து மாமி கொண்டுவந்து தரும் 120 வோல்ட் அயனுக்கோ இங்கே நேர்மாறு: வலு மூன்றரை மடங்குக்கு மேல் ஏறிக் கருகும். அடப்டர் போட்டேனே என்று சொல்லிப் பயனில்லை. அது பிளக்கின் காலை மாற்றுமே தவிர வோல்டைத் தொடாது. வோல்டை மாற்றும் மலிவு கன்வேர்ட்டரையும் விட்டுவிடுங்கள்; டிஜிட்டலில் சூடு காட்டும் அயன்களுக்கு அது ஒத்துவராது.

பிளக் விஷயத்தில் லண்டன் போகிறவர்களுக்கு அதிர்ஷ்டம். இங்கே புது வீடுகளில் உள்ள 13 அம்பியர் சதுரக்கால் பிளக்தான் அங்கேயும். உருண்டைக்கால் பிளக் பூட்டிய அயனை எடுத்தால் வீண் அலைச்சல்.

எடுக்கத் தக்கது 100-240 வோல்ட், 2.5 சென்டிமீற்றர் அகலத் தட்டு, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அயன். கடையிலேயே செருகிப் பாருங்கள். தட்டுகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் கீற்று விழக்கூடாது. விழுந்தால் அந்த இடத்தில் முடி வழுக்கும், ஒரே கற்றையை மூன்று தரம் இழுக்க வேண்டிவரும். ஒரே சூடு மட்டும் உள்ளவை விலை குறைவுதான், மெல்லிய முடிக்கு ஆகாது. இந்தக் கடற்காற்றின் ஈரத்தில் நிமிர்த்திய முடி பின்னேரத்துக்குள் சுருண்டுவிடும் என்று 200 பாகைக்கு ஏற்றிப் பழகியிருப்பீர்கள். ரொறன்ரோக் குளிரின் வறண்ட காற்றில் 160 போதும். தேங்காய் எண்ணெய்த் தலையில் அயன் வைத்தால் தட்டில் பழுப்புப் பிசின் படியும். இளஞ்சூட்டில் ஈரத்துணியால் துடைத்தால் போகும்.

ஹெயார் ட்ரையரை வீட்டிலேயே விடலாம், பெரும்பாலான ஹோட்டல்களில் இருக்கும். கட்டாயம் வேண்டுமென்றால் 125/250 வோல்ட் என்று மாற்றும் திருகி உள்ள வகையை வாங்குங்கள். அந்தத் திருகியை ஒரு காசை வைத்துத் திருப்பலாம். 1600 வொட் ட்ரையர் 120 வோல்டில் 13 அம்பியர் இழுக்கும். 10 அம்பியர் அடப்டர் இளகிவிடும். ஊருக்குத் திரும்பியதும் திருகியை 250க்கு மாற்ற மறந்து செருகினால், உள்ளே சூடேறும் கம்பிச் சுருள் நிமிஷத்துக்குள் போய்விடும்.

காஸில் சூடாகும், முடி சுருட்டும் கேர்லர் விமானத்தில் ஆளுக்கு ஒன்று, சூட்டுப்பகுதியில் மூடி இறுக்கமாகப் பூட்டியிருக்க வேண்டும். மாற்றுக் காஸ் குப்பியை எந்தப் பையிலும் விடமாட்டார்கள்.