செர்ரி இறாலுக்கு மூன்றடித் தொட்டி: கோடைக்குப் பிறகு என் கருத்து

ஒன்றரை அடித் தொட்டியில் செர்ரி இறால் (அழகுக்காக வளர்க்கும் சின்னச் சிவப்பு நன்னீர் இறால்) வளர்க்கும் நண்பர் ஒருவர், மூன்றடிக்கு மாறலாமா என்று கேட்டார். சென்னையில் ஒரு மழைக்காலத்தையும் ஒரு முழுக் கோடையையும் அப்படி ஒரு தொட்டியோடு கழித்தவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். என்னுடையது 36×15×15 அங்குலம், சுமார் 130 லிட்டர். இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், கட்டைகளில் ஜாவா மாஸ் என்ற பாசி, மூலையில் காய்ந்த பாதாம் இலைகள். சைக்ளிங் (கழிவை முறிக்கும் பாக்டீரியா வளரத் தொட்டியை முன்கூட்டியே ஓடவிடுவது), அம்மோனியா டெஸ்ட் எல்லாம் அவருக்கே தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லது. சின்னத் தொட்டியில் ஒளிந்தே கிடந்த இறால்கள் இங்கே பட்டப்பகலில் கூட்டமாக மேய்கின்றன. முட்டை சுமக்கும் பெண் இறால் கண்ணாடி ஓரமாகவே நின்று, வயிற்றுக்கால்களால் முட்டைகளை விசிறிக்கொண்டிருக்கும். மூன்று நான்கு வாரத்தில் பொரித்துவிடும். செர்ரி இறாலுக்குத் தனியாக லார்வா பருவம் கிடையாது. பொரிக்கும்போதே தாயின் அச்சாக, இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஒரு குட்டி இறால். அமானோ என்ற இன்னொரு வகை இறாலின் லார்வாவுக்கு உப்புநீர் வேண்டும், இதற்கு அந்தத் தொல்லையே இல்லை. மாஸும் கட்டையும் அதிகம் என்பதால் அவற்றின் மேல் படியும் பயோஃபிலிமும் (இறால் மேயும் நுண்ணுயிர்ப் படலம்) அதிகம், குட்டிகள் பட்டினி கிடப்பதில்லை. ஒருவேளை தீனி சற்றுக் கூடிப்போனாலும் தண்ணீர் உடனே கெடாது. வெந்நீரில் போட்டெடுத்த முருங்கைக் கீரையைச் சுற்றி அவை மொய்ப்பதைப் பார்க்க உட்கார்ந்தால் எழவே மனம் வராது. தண்ணீர் சட்டென்று மாறாத நிதானம் என்று பார்த்தால் பெரிய தொட்டிக்கு ஈடே இல்லை.

ஆனால் என் எரிச்சலுக்கும் அந்த நிதானம்தான் காரணம். 130 லிட்டர் மெதுவாகத்தான் சூடாகும், உண்மை. சூடாகிவிட்டால் இறங்கவும் இறங்காது. சின்னத் தொட்டியில் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மிதக்க விட்டால் போதும். நாற்பது லிட்டரில் அது சுமார் இரண்டரை டிகிரி குறைக்கும். இங்கே அதே பாட்டில் ஒரு டிகிரியைக்கூடக் குறைக்காது. மே மாதத்தில் நம் ஊர் இரவும் புழுக்கமாகவே இருப்பதால், பகலில் ஏறிய சூடு விடிந்தாலும் அப்படியே நிற்கிறது. செர்ரிக்கு 22 முதல் 26 டிகிரி சுகம். முப்பதைத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜனும் குறைந்து, முட்டை உதிர்வதும் தோல் கழற்றும்போது சாவதும் தொடங்கும்.

அதனால் ஃபேன். மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் காற்று வீச விட்டால், ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துப் போகும். கோயம்புத்தூரின் வறண்ட காற்றில் இது பிரமாதமாக வேலை செய்யும். சென்னையில் மதியம் கடல்காற்று ஈரத்தோடு வந்துவிட்டால் பலன் பாதியாகிறது. ஆனாலும் தண்ணீர் குறைவது நிற்பதில்லை. இந்தத் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினால் கிட்டத்தட்ட ஒன்பது லிட்டர் போயிற்று என்று அர்த்தம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் உள்ளேயே தங்கும். ஈடுகட்ட 500 டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) உள்ள போர் தண்ணீரை ஊற்றினால், ஒவ்வொரு அங்குலத்துக்கும் டிடிஎஸ் 35 அளவில் ஏறும். 200இல் இருந்த தொட்டி கோடை முடிவதற்குள் இரட்டிப்பாகிவிடும்.

ஆகவே உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக. காலையில் எழுந்ததும் குடம், டியூப், டிடிஎஸ் மீட்டர். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மூடி இல்லாததால் பல்லி விழுமோ என்ற கவலை வேறு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இப்போது நிறைய வீடுகளில் காப்பர் சேர்க்கும் பியூரிஃபையர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் இறால் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். மிகக் கொஞ்சம் செம்பு கலந்தாலே இறாலுக்கு விஷம். தொட்டி விற்ற கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஃபேனைப் பற்றிக் கேட்டதற்கும் "அதெல்லாம் தேவையில்லை சார்" என்றார்கள். இறால் விற்கிற கடை இப்படிச் சொல்வது நியாயமே இல்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கலாமே என்பார்கள். கம்ப்ரசர் வைத்த நல்ல சில்லர் தொட்டியைவிட விலை அதிகம், தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அறைக்குள்ளேயே விடவும் செய்யும்.

சரி, முடிவு என்ன? தொட்டியில் குறை சொல்ல எதுவும் இல்லை, இறால்கள் இவ்வளவு நன்றாக வேறெங்கும் வளர்ந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். இரண்டடித் தொட்டி ஒன்றை, இரவில் ஏசி ஓடும் படுக்கையறையில் வையுங்கள். என்னுடையதை விற்க மாட்டேன், அது வேறு விஷயம்.

இல்லை, மூன்றடிதான் வேண்டும் என்று நின்றால் புரட்டாசியிலேயே தண்ணீர் நிரப்பி ஓடவிடுங்கள், ஐப்பசி கடைசியில் இறாலை விடலாம். மார்கழி, தை குளிரில் அவை தாமாகவே பெருகும். பங்குனி பிறப்பதற்குள் ஃபேனும் ஆர்ஓ தண்ணீருக்கு ஒரு பெரிய கேனும் வீட்டில் இருக்கட்டும்.