சாம் மணல்மேட்டுக் கூடாரங்கள்: எந்த மாதம் போனால் கொடுத்த காசுக்குப் பலன்?

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள். சாலையோரம் வரிசையாகக் கூடார முகாம்கள். பேக்கேஜும் கிட்டத்தட்ட ஒன்றேதான்: மாலையில் ஒட்டகச் சவாரி, பிறகு காலபேலியா நடனம், இரவுச் சாப்பாடு, கூடாரத்தில் தூக்கம், காலை டிபன். முகாமுக்கு முகாம் இருக்கும் வித்தியாசத்தைவிட மாதத்துக்கு மாதம் இருக்கும் வித்தியாசம்தான் பெரியது. தேதியை முதலில் முடிவு பண்ணுங்கள், கூடாரத்தை அப்புறம் தேடலாம்.

முழு மதிப்பெண் நவம்பர் பின்பாதிக்கும் டிசம்பர் முன்பாதிக்கும்தான். பகலில் 30 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம், ராத்திரி 12 டிகிரி அளவில் நிற்கும். ஒரு ஸ்வெட்டர் போதும், நெருப்பைச் சுற்றி நிம்மதியாக உட்காரலாம். ஒரே எச்சரிக்கை: தீபாவளி முடிந்த அடுத்த வாரம் குஜராத்திலிருந்து பெருங்கூட்டம் வரும். தீபாவளி தள்ளி வரும் வருடங்களில் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

நம் பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறை விழும் டிசம்பர் கடைசி வாரம்தான் மிக மோசமான தேர்வு. வாடகை பல மடங்கு ஏறும், டிஜே சத்தம் நள்ளிரவு வரை ஓயாது, மணலில் ஜீப் இரைச்சல் வேறு. பொங்கல் விடுமுறை அதைவிடத் தேவலாம், ஆனால் குளிருக்குத் தயாராகப் போக வேண்டும். ஜனவரியில் ராத்திரி 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். மேகமில்லாத வறண்ட வானம், பகல் சூட்டை மணல் சீக்கிரம் விட்டுவிடும், கித்தான் கூடாரம் எதையும் பிடித்து வைக்காது. முன்பதிவு செய்யும்போதே ஆளுக்கு இரண்டு ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை) உண்டா, வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேட்டுவிடுங்கள். காலையில் ஒரு வாளி வெந்நீர் மட்டும் தரும் இடங்களும் உண்டு.

இரண்டாவது தேர்வு பிப்ரவரி பின்பாதி. மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பாலைவனத் திருவிழா முடிந்ததும் கூட்டம் வடிந்துவிடும். நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டால் அமாவாசையை ஒட்டிப் போங்கள், நிலா வெளிச்சத்தில் பாதி வானம் காணாமல் போகும்.

படங்களில் பார்க்கும் அந்த மணல் அலைவரிகள் ஏன் நேரில் இல்லை என்று பலர் ஏமாறுகிறார்கள். தார் பாலையில் பலத்த காற்று கோடையில்தான். குளிர்காலக் காற்று மெல்லியது, காலடித் தடங்களை அழிக்க அதற்கு வலு போதாது. அதனால் சாலையோர மேட்டை விட்டு உள்ளே தள்ளிப் போங்கள், அதுவும் விடிந்த உடனே. சாய்ந்த வெயிலில் விரல் அகல வரிகள் ஒவ்வொன்றுக்கும் தனி நிழல் விழும், குறுக்கே வண்டு ஊர்ந்து போன தையல் போன்ற தடமும் தெரியும். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்கு ஓரம் என்பதால் ஜனவரியில் சூரியன் உதிக்க ஏழரை மணி ஆகிவிடும். ஐந்து மணிக்கே எழுந்து நடுங்க வேண்டாம்.

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். 45 டிகிரி வெயிலும் அனல்காற்றும் புழுதிப் புயலும் குழந்தைகளுக்கு ஆபத்து. பல முகாம்கள் அப்போது மூடியே கிடக்கும்.

ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களை முதலில் தூக்கும், உட்காரும்போது முன்னங்கால்களை முதலில் மடக்கும். இரண்டு முறையும் நம்மை முன்னால் தள்ளும். சேணத்தை இறுகப் பிடித்துப் பின்னால் சாய்ந்துகொள்ளுங்கள். பேக்கேஜில் வரும் சவாரி பெரும்பாலும் அரை மணிக்குள் முடியும், நீளமாக வேண்டுமானால் ஒட்டகக்காரரிடமே தனியாகப் பேசுங்கள். அமைதி முக்கியம் என்பவர்களுக்கு சாமைவிட, ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே இருக்கும் கூரி கிராமம் பொருந்தும்.

ஜெய்சல்மேர் விமானங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் ஓடும். இல்லாவிட்டால் ஜோத்பூரில் இறங்கி சாலையில் சுமார் 280 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். டெல்லி வழியாகப் போனால் டிசம்பர், ஜனவரி மூடுபனியில் ரயிலும் விமானமும் தாமதமாகும். கூடார முன்பதிவை வந்து சேரும் நாளுக்கே போடாமல் மறுநாளுக்குப் போடுங்கள்.