ஹெபடைடிஸ் டி: வாரம் ஒரு ஊசியா, தினம் ஒரு ஊசியா?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் டி வைரஸ் தனியாகப் பரவாது. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் அதற்கு வேண்டும். பி-க்குத் தரும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் அந்தப் புரதத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அதனால் டி அடங்குவதில்லை. ஜெர்மனியில் என் கணவருக்கு மருத்துவர் சொன்ன வழிகள் இரண்டு: வாரம் ஒருமுறை, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெக் இன்டர்ஃபெரான் ஊசி, இல்லையென்றால் தினமும் 2 மில்லிகிராம் புலெவிர்டைட் ஊசி. நாங்கள் எடுத்தது இரண்டாவது.

இன்டர்ஃபெரானுக்கு ஒரு முடிவு உண்டு, வழக்கமாக 48 வாரம். நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு வைரஸ் தென்படாது. அவர்களிலும் சிலருக்குப் பிறகு திரும்பி வருகிறது. காய்ச்சல், உடம்புவலி, மனச்சோர்வு எல்லாம் தெரிந்ததுதான். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டும் இறங்கும். என் கணவருக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகுவது, தொடங்கி, பிளேட்லெட் ஏற்கெனவே குறைவு.

புலெவிர்டைட் வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வழியை அடைக்கிறது. பித்த அமிலமும் அதே வழியாகத்தான் போகிறது என்பதால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். ஐரோப்பாவில் 2020-இல் நிபந்தனையோடும் 2023-இல் முழுமையாகவும் அனுமதி கிடைத்தது. முக்கிய ஆய்வில், 48 வாரத்தில் 2 மில்லிகிராம் போட்டவர்களில் 45 சதவீதம் பேருக்கு வைரஸ் நன்றாக இறங்கி, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. என்ற ரத்த அளவும் சீரானது, வைரஸ் அறவே தென்படாமல் போனது 12 சதவீதம் பேருக்குத்தான். அதாவது, இது கட்டுக்குள் வைக்கும் மருந்து.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது அன்றாடப் பாடு. மருந்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். தூளில் ஊசிக்கான தூய தண்ணீர் விட்டு, குலுக்காமல், தெளியும் வரை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, தொடையிலோ வயிற்றிலோ போட வேண்டும். பயணம் என்றால் குளிர்ப்பை கூடவே வரும். இத்தனை வேலை இருந்தும் அவர் ஊசி போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். போட்ட இடம் சிவக்கும், அவ்வளவுதான். ஆனால் நாமாக நிறுத்தக் கூடாது. கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பலாம். எத்தனை வருடம் போட வேண்டும் என்று எங்கள் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது, அது இன்னும் குறுகியது.

சிரோசிஸ் இல்லாத, இன்டர்ஃபெரான் தாங்கக்கூடிய இளவயதுக்காரர் என்றால் என் பதில் வேறு. 10 மில்லிகிராம் புலெவிர்டைட்டையும் இன்டர்ஃபெரானையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், சிகிச்சை முடிந்து 24 வாரம் கழித்தும் 46 சதவீதம் பேருக்கு வைரஸ் தென்படவில்லை. அப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் முதலில் அதைப் பற்றிக் கேட்கட்டும்.