மெல்லிய பிளாஸ்டிக் பாகங்களுக்கு டை கட்டிங்: ஓராண்டு வாங்கிப் பார்த்ததில்

கோயம்புத்தூரில் விவசாய பம்ப் மோட்டார்களுக்கான ஸ்டார்ட்டர் பெட்டிகளைச் சிறிய அளவில் தயாரித்து வருகிறோம். பெட்டியின் இரும்புத் தகட்டுக்கும் சர்க்யூட் போர்டுக்கும் நடுவே மின்காப்புக்காக வைக்கும் 0.43 மி.மீ. பாலிபுரோப்பிலீன் ஷீட்டையும், மூடியின் உள்விளிம்பில் இடைவெளியை அடைக்க ஒட்டும் ஃபோம் பட்டையான கேஸ்கெட்டையும் கடந்த ஓராண்டாகக் கணபதிப் பகுதியிலுள்ள ஒரு டை கட்டிங் பட்டறையில், அதாவது பாகத்தின் வடிவத்தில் அமைத்த கத்தியால் (டை) ஷீட்டை அழுத்தி வெட்டும் பட்டறையில், வெட்டி வாங்குகிறோம்.

அதற்கு முன்பு வேறு இரண்டு வழிகளையும் விசாரித்தோம். இன்ஜெக்‌ஷன் மோல்டு செய்ய இரண்டரை லட்சம் ரூபாய் கேட்டார்கள். தொகை ஒருபுறமிருக்க, உள்ளங்கையைவிட அகலமான பரப்பில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் உருகிய பிளாஸ்டிக் அச்சின் மூலைவரை ஓடி நிரம்புவதே கடினம். லேசரில் வெட்டிய மாதிரியில் விளிம்பு உருகி மணிபோல் திரண்டிருந்தது, அதனால் ஷீட் பெட்டிக்குள் படிந்து உட்காரவில்லை. பி.வி.சி. ஷீட்டை லேசரில் வெட்டவே கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறி ஆளையும் இயந்திரத்தையும் ஒருசேரக் கெடுக்கும்.

டை என்றவுடன் பெரிய இரும்புக் கட்டியை நினைக்க வேண்டாம். 18 மி.மீ. பிளைவுட் பலகையில் நம் வரைபடத்தின்படி லேசரால் கோடு அறுத்து, அந்தப் பிளவுக்குள் 23.8 மி.மீ. உயரமுள்ள கூரிய எஃகுப் பட்டையை வளைத்துச் செருகி, பட்டையின் இருபுறமும் ரப்பர் துண்டுகளை ஒட்டுகிறார்கள். பிரஸ் அழுத்தும்போது அமுங்கும் அந்த ரப்பர், வெட்டு முடிந்ததும் விரிந்து பாகத்தைப் பட்டையிலிருந்து வெளியே தள்ளுகிறது. எங்கள் ஷீட்டுக்கான டைக்கு நாலாயிரம் ரூபாய்தான் ஆயிற்று. ஷீட்டின் இரு பக்கங்கள் மேல்நோக்கி மடிய வேண்டும். அதற்கான மழுங்கிய பட்டையையும் அதே பலகையில் பொருத்தியதால், வெட்டும் மடிப்புக் கோடும் ஒரே அழுத்தத்தில் விழுகின்றன. பாலிபுரோப்பிலீன் பலமுறை மடித்தாலும் எளிதில் முறியாத பொருள் என்பதால் இந்த ஏற்பாடு அதற்கு மிகவும் பொருந்துகிறது.

இந்தப் பட்டறையின் மீது எனக்கு நம்பிக்கை வந்தது முதல் சாம்பிளின்போதுதான். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன், பிசிறே இல்லை. ஆனால் ஸ்க்ரூவுக்கான துளை ஒன்று ஓரத்தை ஒட்டி அமைந்திருந்ததால், துளைக்கும் ஓரத்துக்கும் இடையிலிருந்த நூல்போன்ற பகுதி வெட்டும்போதே கிழிந்திருந்தது. அது எங்கள் வரைபடத்தின் பிழை. பட்டறைக்காரர் அந்த மாதிரியைக் கையில் கொடுத்து, துளையை 3 மி.மீ. உள்ளே தள்ளினால் போதும் என்று காட்டிய பிறகே டையை மாற்றினார். கேட்டதை அப்படியே வெட்டிக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

கேஸ்கெட்டிலும் அவருடைய யோசனை உதவியது. 10 மி.மீ. ஃபோமை ஒரே வெட்டாக வெட்டினால், பட்டையின் அழுத்தத்தில் நசுங்கிய ஃபோம் மீண்டும் விரியும்போது பக்கச்சுவர் நடுவில் குழிந்துவிடுகிறது; அந்தக் குழிவு இருந்தால் மூடி சீராக அழுந்தாது. ஆகவே 5 மி.மீ. ஃபோமாக இரண்டு அடுக்கு வைக்கச் சொன்னார். ஒட்டும் பசைக்கு அடியிலுள்ள தாளை வெட்டாமல் ஃபோமையும் பசையையும் மட்டும் வெட்டும் ‘கிஸ் கட்’ முறையில் தருவதால், எங்கள் அசெம்பிளி மேசையில் இருக்கும் பெண்கள் ஸ்டிக்கரை உரிப்பதுபோல் உரித்து ஒட்டிவிடுகிறார்கள். முன்பு கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியபோது மூலைகளில் எப்போதும் இடைவெளி விழும்.

குறையும் உண்டு. நான்காவது ஆர்டரில் ரப்பர் தேய்ந்திருந்த டையை அப்படியே பிரஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். பாகங்கள் பட்டைகளுக்கு இடையே சிக்க, நெம்பி எடுத்ததில் நூற்றுக்கும் மேற்பட்ட ஷீட்டுகள் மடிப்பு அல்லாத இடத்தில் வளைந்து வந்தன. கேள்வி கேட்காமல் மாற்றித் தந்தார்கள் என்றாலும் எங்களுக்கு ஒரு வாரம் வீணாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆர்டருக்கும் முதல் ஐந்து பாகங்களை நேரில் பார்த்த பிறகே மீதியை ஓட்டச் சொல்கிறோம்.

துல்லியத்தைப் பொறுத்தவரை, எங்களுக்கு வந்தவை வரைபடத்திலிருந்து 0.3 மி.மீ.க்குள் நிற்கின்றன, மின்காப்பு ஷீட்டுக்கு இது தாராளம். அதைவிட நெருக்கமான அளவு வேண்டுவோர் எஃகிலேயே கடைந்த பஞ்ச் டைக்குச் செல்வதே முறை. 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டையும் வெட்ட முடியுமா என்று கேட்டதற்கு, விரிசல் விடும் என்று சொல்லி அந்த வேலையை ஏற்க மறுத்துவிட்டார்கள். டை கட்டிங்குக்குப் போகிறவர்கள் டிஎக்ஸ்எஃப் (கணினி வரைபடக் கோப்பு) வடிவிலான வரைபடத்தோடு, பயன்படுத்தப்போகும் அதே ஷீட்டின் ஒரு துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். டைக்குப் பணம் கட்டும்போதே அது உங்களுக்குச் சொந்தம் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.