உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று 7,500 ரூபாயைப் பறித்துவிட்டான், உஷாராக இருங்கள்

இன்று மதியம்தான் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸிலிருந்து திரும்பினேன். இன்னும் சாப்பிடவில்லை, கோபமும் அடங்கவில்லை. சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று எங்களிடம் 7,500 ரூபாய் வாங்கிய ஆள் விண்ணப்பமே போடவில்லை. போட்டிருக்கவும் முடியாது, ஏன் என்று கீழே சொல்கிறேன். மேலப்பாளையத்துக்காரர்கள் மட்டுமில்லை, பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு ஃபீஸுக்கு வழி தேடுகிற எல்லோரும் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் உம்மா பீடி சுற்றுகிறார். கண் பார்வை மங்கிய பிறகும் ஒரு நாளைக்கு எழுநூறு பீடி. ஆயிரம் சுற்றினால் கைக்கு வருவது முந்நூறு ரூபாய்கூட இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், 7,500 ரூபாய் என்பது உம்மாவின் நாற்பது நாள் கூலி. வாப்பா மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. நான் பிளஸ் டூவோடு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டேன். தங்கச்சிதான் எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போகிறவள். கவுன்சிலிங்கில் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் பட்டதாரி சலுகை போக பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று மீதியைத் திரட்டவே மூச்சு முட்டிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் வருமானச் சான்றிதழ் பிரிண்ட் எடுக்க ஒரு கணினி மையத்துக்குப் போனோம். பாஸ்போர்ட், பான் கார்டு, உதவித்தொகை எல்லாம் செய்து தரப்படும் என்று போர்டு போட்ட கடை. கடைக்காரன் உம்மாவைப் பார்த்ததும், "வாங்க சாச்சி, உக்காருங்க" என்று ஃபேனைத் திருப்பி வைத்தான். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. சாச்சி, அதாவது சித்தி, என்று கூப்பிட்டவனை உம்மா அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் அவர் அவனை நம்பிவிட்டார். அவர் நம்பியதால் நானும் நம்பினேன்.

அவன் பொய்யாக எதையும் சொன்ன மாதிரியே இல்லை. அதுதான் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை. மெரிட் கம் மீன்ஸ் என்று மத்திய அரசு உதவித்தொகை இருக்கிறது என்றான், உண்மை. முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, ஜைனர் என்று ஆறு சமூகத்துக்கும் உண்டு என்றான், அதுவும் உண்மை. குடும்ப வருமானம் வருடத்துக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், முந்தைய தேர்வில் 50 சதவீத மதிப்பெண் போதும், பெண் பிள்ளைகளுக்கு 30 சதவீதம் ஒதுக்கீடு. எல்லாமே அந்தத் திட்டத்தில் உள்ளதுதான். கோர்ஸ் ஃபீஸ் 20,000 வரை, வீட்டிலிருந்து போய் வருகிற பிள்ளைக்கு மேற்கொண்டு 5,000, ஆக வருடத்துக்கு 25,000. "நாலு வருசத்துக்கு ஒரு லட்சம் சாச்சி, நம்ம புள்ளைக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும்?" என்று தங்கச்சியின் மார்க் சீட்டைத் தூக்கிக் காட்டினான். ஏற்கெனவே வாங்கிய ஒரு பெண்ணின் பழைய பிரிண்ட் அவுட்டையும் காட்டினான். அந்தத் திட்டத்துக்கு இப்போது விண்ணப்பமே வாங்குவதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

முதலில் பதிவுக்கு என்று 3,000. ஜிபே செய்தேன், வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. "மச்சான் நம்பர்தான், போடுங்க" என்றான். தங்கச்சியின் ஆதார், உம்மாவின் பாஸ்புக், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தான். தங்கச்சியின் முகத்தை போனுக்கு முன்னால் காட்டச் சொன்னான். உம்மாவின் போனுக்கு மூன்று முறை ஓடிபி வந்தது, மூன்று முறையும் நானே வாசித்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, காலேஜ் லெவல், மாவட்ட லெவல் என்று இரண்டு இடத்தில் வெரிஃபிகேஷன் இருக்கிறது, அங்கே கவனிக்க வேண்டும் என்று 4,500 கேட்டான். உம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். ரசீது கேட்டதற்கு, "நம்மளுக்குள்ள என்ன ரசீது" என்று சிரித்தான். ஆக மொத்தம் 7,500.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். அக்டோபரில் கேட்டால் சர்வர் டவுன். நவம்பரில் கேட்டால் காலேஜில் பெண்டிங். காலேஜில் தங்கச்சி போய்க் கேட்டபோது அங்கே அப்படி எதுவும் வரவில்லை என்றார்கள். அதைச் சொன்னால், "அவங்களுக்கு லாகின் பண்ணத் தெரியாது" என்றான். டிசம்பரில் பேங்கில் ஆதார் லிங்க் ஆகவில்லை என்றான். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு உம்மாவைக் கூட்டிப் போய்க் கேட்டேன், இரண்டு வருடத்துக்கு முன்பே லிங்க் ஆகியிருக்கிறது என்றார்கள். கடைசியாக, "டெல்லியில சிபிஐ கேஸ் நடக்குதில்ல, அதான் லேட்டு" என்று ஒரு செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

அந்தச் செய்தியும் உண்மைதான். 2023இல் மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகம் சிறுபான்மையினர் உதவித்தொகை விஷயமாக 21 மாநிலங்களில் 1,572 கல்வி நிறுவனங்களைச் சோதித்ததில் 830 நிறுவனங்கள் போலி அல்லது இயங்காதவை என்று தெரிந்தது. ஐந்து ஆண்டுகளில் 144.83 கோடி ரூபாய் நஷ்டம் என்று சிபிஐ வழக்குப் போட்டது. இல்லாத பள்ளி, இல்லாத பிள்ளை பெயரில் காசு எடுத்திருக்கிறார்கள். படிக்கிற பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணம். அதைப் படித்துவிட்டு வயிறு எரிந்து கிடந்தேன். அந்த வழக்கையே எங்களைத் தள்ளிப்போடுவதற்கு அவன் சாக்காகச் சொல்லியிருக்கிறான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இன்று காலை கலெக்டர் ஆபீஸில் உள்ள பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த ஒரு அம்மா பொறுமையாகக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கான சிறுபான்மையினர் திட்டம் எதுவும் இந்த வருடம் திறக்கவே இல்லை. அவன் செய்திருந்தது ஓடிஆர் என்கிற ஒருமுறைப் பதிவு மட்டும். அது இலவசம், வீட்டில் உட்கார்ந்து போனிலேயே செய்யலாம். அதற்குத்தான் அந்த ஓடிபியும் முகம் பார்த்ததும். அதற்குத்தான் 7,500.

அப்புறம் அவர் ஒன்று கேட்டார். "உங்க அம்மாகிட்ட பீடி கார்டு இருக்கா தம்பி?" பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைத்தான் கேட்டார். இருக்கிறது, பெட்டியில் துணிக்கு அடியில் இருக்கிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் உதவித்தொகை அதே இணையதளத்தில் வருடா வருடம் வருகிறதாம். இன்ஜினியரிங் மாதிரித் தொழிற்படிப்புக்கு 25,000. அவன் ஆசை காட்டிய அதே 25,000. அதற்கு இந்த வருடத் தேதி முடிந்துவிட்டது. அவன் சர்வர் டவுன் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அது திறந்திருந்திருக்கிறது. அந்த அலுவலகத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். உம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் நேராகக் கடைக்குப் போனேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். "வேலை பாத்ததுக்குத்தான் காசு. கவர்மென்ட் குடுக்கலைன்னா நான் என்ன செய்ய?" என்றான். என் பணத்தைக் கொடு என்றேன். "ஆதாரம் இருக்கா?" என்றான். சாச்சி என்று கூப்பிட்ட அதே வாய். பக்கத்தில் ஒரு பெண் தன் மகனின் மார்க் சீட்டோடு நின்றிருந்தார். அவரிடம் கொடுக்காதீர்கள் என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். 3,000க்கு ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, 4,500க்கு எதுவும் இல்லை.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன், மனசு ஒரு நிலையில் இல்லாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கு 60 ரூபாய், அவ்வளவுதான். தங்கச்சிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியிலேயே பதிந்து கொடுத்தார்கள், யாரும் காசு கேட்கவில்லை. யாராவது 'கவனிக்க வேண்டும்' என்றாலே எழுந்து வந்துவிடுங்கள். திட்டம் திறந்திருக்கிறதா என்று முதலில் கல்லூரி ஆபீஸிலோ கலெக்டர் ஆபீஸிலோ கேளுங்கள். ஓடிபியை வாசித்துக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் பேங்கில் போய்ப் பாருங்கள், ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்யுங்கள், நாங்கள் இப்போதுதான் செய்தோம். ஆன்லைனில் பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். நான் நாலு மாதம் கழித்து அடித்திருக்கிறேன், இருந்தாலும் புகார் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் பீடி கார்டு இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன், இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் கூட வாருங்கள்.