கனடா ஸ்பான்சர்: "மாப்பிள்ளை சம்பளம் போதாது" என்று யாராவது சொன்னால்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) அல்லது குடியுரிமையோடு இருக்கும் ஒருவர், தன் மனைவியையோ கணவனையோ அங்கே அழைத்துக்கொள்ள "வருஷத்துக்கு இவ்வளவு சம்பாதித்தாக வேண்டும்" என்ற வரம்பு பொதுவாகக் கிடையாது. கூடப் போகும் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருக்கிறது என்பது மாதிரியான அபூர்வமான குடும்பங்களுக்குத்தான் அந்தக் கணக்கு வரும். புதிதாகக் கல்யாணமான ஜோடிக்கு அதில் வேலையே இல்லை. இந்த இல்லாத வரம்பைக் காட்டித்தான் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு மாடியில் ஆபீஸ் வைத்திருப்பவர் எங்கள் வீட்டிலிருந்து 1,76,000 ரூபாய் வாங்கினார். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை.

என் தங்கைக்குப் போன வருஷம் பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் சர்ச்சில் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் பாளையங்கோட்டைதான் சொந்த ஊர். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் கிச்சனர் என்ற ஊரில் ஒரு கிடங்கில் வேலை, பி.ஆர். வாங்கிவிட்டார். சம்பளம் சுமார்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. லீவு முடிந்து கிளம்பும்போது "நானே ஆன்லைன்ல போட்டுருதேன் மாமா" என்று அப்பாவிடம் சொன்னார். ஆனால் அவருக்கு நைட் ஷிஃப்ட். இங்கே சொந்தக்காரர்கள் எல்லாரும் "ஆள் வச்சுப் பண்ணுங்க, ஒரு எழுத்து தப்பினா ரிஜெக்ட் ஆயிரும்" என்று அப்பாவைப் பயமுறுத்தினார்கள். அப்படித்தான் அந்த மாடிக்குப் போனது.

முதல் சந்திப்பிலேயே அந்த ஆள் கேட்டது மாப்பிள்ளையின் சம்பளத்தைத்தான். கால்குலேட்டரைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "அண்ணாச்சி, இது கட்-ஆஃபுக்குக் கீழ இருக்கு. ஆனா பயப்படாதீங்க, நாம சரி பண்ணிரலாம்." சர்வீஸ் சார்ஜ் 60,000. அரசாங்கக் கட்டணம் என்று 95,000. போலீஸ் சான்றிதழுக்கு 6,000. அந்தச் சான்றிதழுக்குத் தங்கையேதான் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போய் வரிசையில் நின்றாள். அதன் அரசுக் கட்டணம் 500 ரூபாய். மீதி 5,500 எதற்கு என்றால் "டாக்குமெண்டேஷன்" என்று பதில்.

அரசாங்கக் கட்டணமும் அதே கதைதான். 2024 ஏப்ரல் 30-இல் வந்த கட்டணப்படி, நாங்கள் பணம் கொடுத்தபோது ஸ்பான்சர் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், பி.ஆர். உரிமைக் கட்டணம் மூன்றும் சேர்ந்து 1,205 கனடா டாலராக இருந்தது. பயோமெட்ரிக்ஸுக்கு (கைரேகை, போட்டோ எடுப்பது) 85 டாலர். நாங்கள் பணம் கொடுத்த சமயத்து மதிப்பில் எல்லாம் சேர்த்தாலும் எண்பதாயிரம் ரூபாய் வராது.

சரி, கூட வாங்கினாலும் வேலையை முடித்துக் கொடுத்தாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு மாதத்தில் "சப்மிட் பண்ணியாச்சு" என்றார். அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "மாப்பிள்ளை வருமானத்தால ஃபைல் நிக்கி அண்ணாச்சி." கடைசியில் அதற்கு ஒரு வைத்தியமும் அவரே சொன்னார். அப்பாவுக்கு இவ்வளவு சொத்து என்று ஆடிட்டர் ஒருவர் சான்றிதழ் கொடுப்பாராம், அதற்கு 15,000. அப்புறம் ஒரு ஃபைனான்ஸ்காரர் அப்பாவின் வங்கிக் கணக்கில் பதினைந்து லட்சம் போடுவாராம். பேலன்ஸ் லெட்டர் வாங்கியதும் அவரே எடுத்துக்கொள்வாராம், அதற்கு வட்டி 40,000. "எல்லாரும் பண்றதுதான்" என்றார். ஆடிட்டருக்கு என்று 15,000-ஐக் கையோடு வாங்கியும்கொண்டார். வட்டிப் பேச்சு வந்த அன்றைக்குத்தான் நான் மாப்பிள்ளைக்கு போன் போட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் கோபப்பட்டார். கனடா அரசின் குடிவரவுத் தளத்தைத் திறந்து எனக்கு ஸ்கிரீன் ஷேர் பண்ணிக் காட்டினார். வரம்பு கிடையாது என்று கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. ஸ்பான்சர் செய்பவரின் கடைசி வருஷ வரிக் கணக்குச் சீட்டையும், வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதத்தையும் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். ஏமாற்றுகிறவர்கள் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். சீட்டைக் கேட்கிறார்கள், ஆனால் அதில் இத்தனை டாலர் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு. ஸ்பான்சர் செய்பவர் அரசு உதவிப்பணத்தில் வாழக்கூடாது (உடல் ஊனத்துக்காக வாங்கும் உதவி இதில் சேராது), திவால் வழக்கு முடியாமல் இருக்கக்கூடாது. மனைவி பி.ஆர். ஆன நாளிலிருந்து மூன்று வருஷம் அவளுடைய அடிப்படைத் தேவைகளைப் பார்த்துக்கொள்வேன் என்று உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். இடையில் விவாகரத்தே ஆனாலும் அந்த உறுதிமொழி விடாது. கியூபெக் மாகாணத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இதில் தனி நடைமுறை உண்டு.

பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் அழைக்கிறபோது வருமானக் கணக்கு நிஜமாகவே உண்டு. மூன்று வரி ஆண்டுகளுக்குக் காட்ட வேண்டும். அந்த அட்டவணையைத்தான் இந்த ஆள் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு மனைவியை அழைப்பதற்கும் நீட்டியிருக்கிறார். தெரியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை.

ஏன் நம்பவில்லை என்றால், அடுத்து நடந்தது அப்படி. மாப்பிள்ளை "சப்மிட் பண்ணின ஃபார்ம் காப்பி எல்லாம் அனுப்புங்க" என்று கேட்டு விடாப்பிடியாக நின்றார். இழுத்தடித்து ஒரு பி.டி.எஃப். வந்தது. அதில் ஐ.எம்.எம். 5532 என்று ஒரு படிவம். கல்யாணம் உண்மையானதா என்று அதிகாரி எடைபோடுவது இதை வைத்துத்தான்: எப்படிப் பழக்கம், யார் பேசி முடித்தது, கல்யாணம் எங்கே நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று எல்லாம் கேட்டிருக்கும். அதில் என் தங்கைக்குத் திருச்செந்தூர் கோயிலில் முகூர்த்தம் நடந்ததாக எழுதியிருந்தது. தாலி கட்டிய நேரம் கூட இருந்தது! சி.எஸ்.ஐ. குடும்பம், சர்ச்சில் கல்யாணம், சபையில் கொடுத்த சான்றிதழ் அவர் மேஜையிலேயே கிடக்கிறது. வேறு யாரோ ஒரு பிள்ளையின் படிவத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். இத்தனை நாளில் அவர் எங்களிடம் கேட்டு வாங்கியது ஆறு போட்டோதான். பெண் பார்க்க வந்தது, நிச்சயம், ஓலை வாசித்தது (சர்ச்சில் கல்யாணத்தை அறிவிப்பது), அழைப்பிதழ், வாட்ஸ்அப் பேச்சு, வீடியோ கால் பதிவு எதையும் அவர் கேட்கவே இல்லை. பேசி முடித்த கல்யாணத்துக்கு அதெல்லாம்தான் பலம்.

இப்படி ஒரு படிவம் உள்ளே போயிருந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்ததாக முடிவானால் கனடா சட்டப்படி ஐந்து வருஷம் உள்ளே நுழையத் தடை. தண்டனை விண்ணப்பதாரருக்கு, அதாவது என் தங்கைக்கு. மாடியில் உட்கார்ந்து எழுதியவருக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் படிவத்தில் அவர் பெயரே கிடையாது. காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர் ஐ.எம்.எம். 5476 என்ற படிவத்தில் தன்னைப் பிரதிநிதி என்று காட்ட வேண்டும். இவர் தன் சொந்த ஈமெயிலில் என் தங்கை பெயரில் ஒரு போர்ட்டல் (ஆன்லைனில் விண்ணப்பம் போடும் தளம்) கணக்கைத் திறந்து, அவளே நிரப்புவது போல நிரப்பியிருக்கிறார். பாஸ்வேர்டு கேட்டதற்கு "கம்பெனி பாலிசி, தர முடியாது" என்றார். பதினைந்து லட்சம் போட்டு எடுக்கிற வித்தையும் இதே வகைதான். தேவையே இல்லாத ஓர் ஆவணத்துக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொள்வது.

ஆனால் அந்தத் திருச்செந்தூர் கல்யாணம் கனடாவுக்குப் போய்ச் சேரவே இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும், அப்போது எங்களுக்கு நிம்மதிதான். மாப்பிள்ளை குடிவரவுத் துறைக்கு வலைப்படிவத்தில் எழுதிக் கேட்டார். இந்தப் பெயர்களில் விண்ணப்பம் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. கட்டணம் கட்டிய ரசீதைக் கேட்டோம். பெயர் இருக்கும் இடம் வெட்டப்பட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஆக, 95,000-உம் கட்டப்படவில்லை, ஃபைலும் போகவில்லை. "வருமானத்தால நிக்கி" என்று மாதக்கணக்கில் சொன்னது, போடாத ஃபைலுக்குச் சொன்ன சாக்கு. அதையே காட்டி மேற்கொண்டு 55,000-க்கும் அடிபோட்டிருக்கிறார்.

கனடா விஷயத்தில் காசு வாங்கி ஆலோசனை சொல்ல யாருக்கு உரிமை என்பது தெளிவாக இருக்கிறது. அந்த நாட்டு வழக்கறிஞர்கள், கியூபெக் நோட்டரிகள், குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிவுபெற்ற ஆர்.சி.ஐ.சி. ஆலோசகர்கள். கல்லூரி என்றால் படிக்கிற காலேஜ் இல்லை, இது உரிமம் கொடுக்கும் அமைப்பு. அதன் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் ஆள் இருக்கிறாரா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். எங்கள் ஆள் அதில் இல்லை. அவர் கொடுத்த ரசீதின் தலைப்பில் "கல்விச் சேவை" என்று இருக்கிறது, பணம் போனது அவர் மனைவியின் கூகுள் பே எண்ணுக்கு. சுவரில் மேப்பிள் இலைக் கொடி மட்டும் பெரிதாக மாட்டியிருக்கிறார்.

அதே மாடியில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் "ஸ்பவுஸ் ஃபைல்" போடுகிறார்கள். நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போன பிள்ளைகள் நம் பக்கம் நிறைய, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வாங்கியவர் மனைவியையோ கணவனையோ அழைக்க வரம்பு நிஜம், வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. 2024 ஏப்ரல் 11-லிருந்து வருஷத்துக்கு 29,000 பவுண்ட், அதற்கு முன் 18,600. வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்ட், அதுவும் ஆறு மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். மாமனாரின் சொத்துச் சான்றிதழோ, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற கடிதமோ அந்த வரம்பை எட்ட உதவாது. ஒரு நாள் போட்டு மறுநாள் எடுக்கிற பணமும் ஆகாது. அமெரிக்காவில் ஐ-864 உறுதிமொழிப் படிவம், அந்த நாட்டு வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீத வருமானம். குறைந்தால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராக வரலாம், ஆனால் அவர் அமெரிக்காவிலேயே வசிக்கும் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் இருக்கும் பெரியப்பா கையெழுத்துப் போட முடியாது.

எங்கள் கதை இப்போது எங்கே இருக்கிறது என்றால், போலீசில் மனு கொடுத்தபின் 50,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தங்கையின் விண்ணப்பத்தை மாப்பிள்ளை தன் லீவு நாட்களில் உட்கார்ந்து தானே நிரப்பினார். விண்ணப்பம் கிடைத்தது என்ற கடிதம் எண்ணோடு வந்துவிட்டது. அவர் சம்பளம் அதே சம்பளம்தான்.

அந்த மாடியில் பணம் கட்டியிருப்பவர்கள் உடனே கேட்க வேண்டியது மூன்று: உங்கள் பெயர் போட்ட கட்டண ரசீது, விண்ணப்ப எண், போர்ட்டல் கணக்கின் பாஸ்வேர்டு. தர மறுத்தால் கூகுள் பே விவரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழியாமல் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். எங்கள் வக்கீல் இன்னும் இரண்டு குடும்பங்களின் புகார் சேர்ந்தால் நல்லது என்கிறார்.