சௌகிட் சந்தை இலைக்கடை: எதை வாங்கலாம், எதை நம்ப வேண்டாம்

கோலாலம்பூரில் கெசும் என்கிற வாசனை இலையும் கற்பூரவல்லியும் ஒரே இடத்தில், அதுவும் வாடாமல் வேண்டுமென்றால் சௌகிட் சந்தைக்குப் போங்கள். மோனோரயிலில் வந்து இறங்கினால் நடக்கிற தூரம்தான். கார் வேண்டாம், பார்க்கிங் தேடியே பாதிக் காலை போய்விடும். காய்கறி வரிசையில் ஒரு தமிழ் அக்கா இலைகளை மட்டும் வைத்து வியாபாரம் செய்கிறார். புதினா, மல்லி, துளசி, செராய் (எலுமிச்சைப் புல்), பாண்டான், வல்லாரை, உலாம் ராஜா என்று எல்லாம் உண்டு, பெரும்பாலும் கட்டு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) தான்.

தரம் நன்றாக இருக்கும், ஆனால் காலையிலேயே போய்விட வேண்டும், வெயில் ஏறிவிட்டால் மல்லி துவண்டுவிடும். ரப்பர் பேண்ட் போட்ட இடத்தில் சில கட்டுகள் ஈரத்தில் அழுகியிருக்கும், அதனால் பிரித்துப் பார்த்தே வாங்குங்கள், அக்கா முகம் சுளிக்க மாட்டார்.

எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் அவர் பேசுகிற விதம். சர்க்கரைக்குத் துளசி நல்லதாமே என்று ஒருவர் கேட்டபோது, "ரசத்துல போடுங்கண்ணே, டீயில போடுங்க, ஆனா கிளினிக் மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றார். இதைவிடச் சரியான பதிலை நான் எந்த மூலிகைக் கடையிலும் கேட்டதில்லை. துளசி சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவை சின்ன ஆய்வுகள், மாத்திரைக்குப் பதிலாக அதை வைக்கிற அளவுக்கு அவற்றில் பலம் இல்லை.

புதினா விஷயமும் அப்படித்தான். குடல் எரிச்சல் நோய்க்கு (ஐபிஎஸ்) பெப்பர்மின்ட் உதவும் என்று அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்கள் கல்லூரி 2021ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது, ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்துப் பார்த்தது கேப்சூலில் அடைத்த பெப்பர்மின்ட் எண்ணெய். குடல் தசையைத் தளர்த்துவது அதில் உள்ள மெந்தால், நம் சட்னிப் புதினா பெரும்பாலும் வேறு வகை, அதில் மெந்தால் மிகக் குறைவு. அதனால் சட்னி சாப்பிட்டு வயிற்றுவலி தீரவில்லையே என்று இலையைக் குறை சொல்ல முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் பெப்பர்மின்ட் எண்ணெயில் கவனமாக இருக்கணும், சிலருக்கு அது எரிச்சலைக் கூட்டிவிடும்.

மல்லி இலையில் வைட்டமின் கே நிறைய, 100 கிராமில் 300 மைக்ரோகிராமுக்கு மேல். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் திடீரென்று தினமும் மல்லி ஜூஸ் போட்டுக் கொடுக்காதீர்கள், மாத்திரையின் வேலை குறைந்துவிடும். குழம்பில் வழக்கமாகத் தூவுகிற அளவு பிரச்சினை இல்லை.

அப்புறம் யாரும் பெரிதாகப் பேசாத பலன் ஒன்று, உப்பு. மலேசியப் பெரியவர்கள் நாளுக்குச் சராசரியாக 8 கிராம் அளவுக்கு உப்பு சாப்பிடுகிறோம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். மீன் குழம்பில் கெசும், சூப்பில் செராய், கொஞ்சம் எலுமிச்சை என்று வாசனையையும் புளிப்பையும் ஏற்றினால் உப்பைக் குறைத்தாலும் நாக்கு ஏமாந்ததாக நினைப்பதில்லை. ரத்த அழுத்தம் உள்ள வீட்டில் இந்த இரண்டு வெள்ளிக் கட்டு செய்கிற உபகாரம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

அதே சந்தைப் பக்கம் மூலிகை மருந்தைப் பாட்டிலில் அடைத்து, சர்க்கரை போகும், கிட்னி சுத்தமாகும் என்று லேபிள் ஒட்டி விற்கிறார்களே, அதை மட்டும் தொடாதீர்கள். நீரிழிவு, சிறுநீரக நோய், புற்றுநோய் குணமாகும் என்று மக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. பதிவான பாரம்பரிய மருந்து என்றால் லேபிளில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் டி (T) எழுத்து வரும் பதிவு எண் இருக்கும். அது இல்லையென்றால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

அக்காவிடம் கெசும் வாங்கினால் தண்டோடு கேளுங்கள். தண்ணீரில் வைத்தால் சுலபமாக வேர் விடும், பிளாட் பால்கனித் தொட்டியிலேயே வளரும். வியாபாரம் குறையுமே என்று பார்க்காமல் அதை அவரேதான் சொல்லிக் கொடுக்கிறார். சில்லறை எடுத்துக்கொண்டு போங்கள்.